சபையில் உடன் விசுவாசி ஜாமீன் கேட்கிறார்: மத்தேயு 5:42ஆ, நீதிமொழிகள் 22:26ஆ?

டீச்சர்_தூத்துக்குடி கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சேகரத்து அண்ணன் ஒருவர், பதிவுபெற்ற சீட்டு நிறுவனத்தில் 5 லட்ச ரூபாய்ச் சீட்டு போட்டிருக்கிறார். மாதம் 20,000 வீதம் 25 மாதம். நான்காவது மாத ஏலத்தில் 1,25,000 தள்ளிச் சீட்டை எடுத்துவிட்டார். கைக்கு வருவது 3,75,000. பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்து வியாபாரத்தைப் பெரிதாக்கப் போகிறாராம். பணத்தை வாங்க அரசுச் சம்பளம் வாங்கும் இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். அதில் ஒருவராக என்னைக் கேட்கிறார்.

"உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு, உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே" என்பது அவர் சொல்லும் வசனம். என் வீட்டுக்காரர் காட்டுவது, கடனுக்காகப் பிணைப்படாதே என்னும் நீதிமொழிகள் 22:26. இரண்டும் வேதவசனம்தானே. பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட எனக்கு மனமில்லை. எந்த வசனம் எந்த இடத்துக்கு என்று எப்படித் தீர்மானிப்பது? கையெழுத்துப் போட்டால் உண்மையில் எவ்வளவு தூரம் மாட்டுவேன்? என் சம்பளம் 46,000. மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

---

வேதபாடக்_குறிப்பு பதில்:

ஸ்தோத்திரம் சிஸ்டர். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் இரண்டும் ஒரே செயலைப் பற்றிப் பேசவில்லை.

மத்தேயு 5:42 கையில் இருப்பதைக் கொடுப்பதைப் பற்றியது. அதே பேச்சு லூக்கா 6:35இல் "கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்" என்று வருகிறது. கொடுப்பவர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். வாங்குபவர் கைக்கு அது போய்ச் சேருகிறது. திரும்பி வராவிட்டாலும் கொடுத்தவர் வீடு இடிந்துவிடாது. நீதிமொழிகள் 3:27, 28ஐயும் இதோடு வைத்துப் படியுங்கள்: "உன்னிடத்தில் பொருள் இருக்கையில்" அயலானைப் பார்த்து நாளைக்கு வா என்று சொல்லாதே. பொருள் இருக்கையில் என்பதுதான் அங்கே அளவு.

ஜாமீன் போடும்போது அந்த அண்ணனுக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. கடன் கொடுக்கிறவருடைய பயத்தைப் போக்குகிறீர்கள், அவ்வளவுதான். அதற்கு விலையாக வைப்பது இன்னும் உங்கள் கைக்கு வராத அடுத்த இரண்டு வருடச் சம்பளம். "நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே" என்று யாக்கோபு 4:14 வியாபாரம் செய்து லாபம் பார்ப்போம் என்று திட்டம் போடுகிறவர்களிடம்தான் சொல்கிறது. இங்கே திட்டம் போடுகிறவர் அவர், நாளையை அடகு வைக்கிறவர் நீங்கள்.

நீதிமொழிகளில் ஜாமீன் எச்சரிக்கை ஒரே இடத்தில் வந்து போகவில்லை. 6:1-5, 11:15, 17:18, 20:16, 22:26-27, 27:13 என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்றிலும் இது பாவம் என்று எழுதவில்லை. புத்தியீனம், பாடு, கண்ணி என்றுதான் எழுதியிருக்கிறது. இந்த வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது. நீதிமொழி என்பது ஞானவாக்கியம். பத்துக் கட்டளையைப் போல எல்லா நிலைமைக்கும் ஒரே தீர்ப்பாக அதை வாசிக்க முடியாது. பெரும்பாலும் காரியம் எப்படி முடியும் என்று காட்டி எச்சரிக்கிற பேச்சு அது. ஆகவே ஜாமீன் போட்டவர் எல்லாம் பாவி என்று சொல்கிறவரும் தவறாக வாசிக்கிறார். இது பழைய ஏற்பாடு, நமக்கு அன்பு போதும் என்று தள்ளுகிறவரும் தவறாக வாசிக்கிறார்.

22:27 அந்த எச்சரிக்கைக்குக் காரணத்தையும் சேர்த்தே தருகிறது: "செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால், நீ படுத்திருக்கும் படுக்கையையும் அவன் எடுத்துக்கொள்ளவேண்டியதாகுமே." உபாகமம் 24:12, 13இல் ஏழை அடகு வைத்த போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையவும் கூடாது. ஏழைக் கடனாளிக்கு இவ்வளவு இரக்கம். ஆனால் நீதிமொழிகள் 20:16, பிணைப்பட்டவனுடைய வஸ்திரத்தை எடுத்துக்கொள் என்று கடன் கொடுத்தவனிடமே சொல்கிறது. இல்லாமையினால் கடன் வாங்கியவனுக்குக் காட்டுகிற இரக்கத்தை, தெரிந்தே வாக்குக் கொடுத்தவன் எதிர்பார்க்க முடியாது.

ஒரு வசனத்தை நம் காரியத்துக்கு எடுக்கும்போது மூன்று கேள்வி கேட்டால் பாதிக் குழப்பம் தீரும். அந்த வசனம் எந்தச் செயலைப் பேசுகிறது? யாருடைய நன்மைக்காகப் பேசுகிறது? அதே காரியத்தை வேதத்தில் வேறு யார் செய்தார்கள், என்ன ஆனது? மத்தேயு 5:42 இல்லாதவனுடைய நன்மைக்காக. உங்களிடம் வந்திருப்பது கடையை விரிவாக்கும் திட்டம். அதற்கு நேரான வசனம் லூக்கா 14:28: கோபுரம் கட்டுகிறவன் அதைத் தீர்க்கத் தன்னிடம் உண்டோ என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை அவர் பார்த்தாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

---

கடன்பிரிவு_ஓய்வு பதில்:

எவ்வளவு தூரம் மாட்டுவேன் என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அம்மா. வசனத்தை மேலே இருப்பவர் நன்றாகவே சொல்லிவிட்டார்.

முதலில் தொகை. அவர் கைக்கு 3,75,000 வருகிறது என்பதால் உங்கள் பொறுப்பும் அவ்வளவுதான் என்று நினைக்காதீர்கள். நான்கு தவணை போக மீதி 21 தவணை. 21 × 20,000 = 4,20,000. மாதாமாதம் வரும் கழிவு (ஏலத்தில் தள்ளுகிற தொகையில் அவருக்குக் கிடைக்கும் பங்கு) இதில் குறையும், ஆனால் தவணை தவறியவருக்கு அந்தக் கழிவு கிடைக்காது என்ற நிபந்தனை சீட்டு ஒப்பந்தங்களில் சாதாரணம். அதற்கு மேல் தாமத வட்டியும் செலவும். ஆகவே கையெழுத்துப் போடும் நாளில் மனதில் வைக்க வேண்டிய தொகை 4,20,000க்கு மேல்.

இரண்டாவது, முறை. ஜாமீன்தாரர் பொறுப்பு கடன்தாரர் பொறுப்புக்குச் சமம் என்று 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128 சொல்கிறது. "முதலில் அவரிடம் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்ல உங்களுக்கு இடமில்லை. கடன்தாரரை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரர் மேல் போகலாம் என்பது உச்ச நீதிமன்றம் உறுதி செய்த சட்டம். அப்படித்தான் நடக்கவும் செய்கிறது. வியாபாரியின் வருமானத்தைப் பிடிப்பதைவிட ஆசிரியரின் சம்பளத்தைப் பிடிப்பது சுலபம். அரசுச் சம்பளக்காரர்தான் வேண்டும் என்று கேட்பதன் காரணமே அது. இரண்டு பேர் ஜாமீன் என்றால் பாதிப் பாதி என்ற நினைப்பும் வேண்டாம். பிரிவு 146இன் சமபங்கு ஜாமீன்தாரர்கள் இருவருக்கும் இடையில். நிறுவனம் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். கட்டிய பிறகு மற்றவரிடம் பாதியை வாங்குவது உங்கள் பாடு.

மூன்றாவது, பிடித்தம். பதிவுபெற்ற சீட்டில் தகராறு வந்தால் 1982ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டுப் பதிவாளரிடம் நடுவர் தீர்ப்புக்குப் போகும். அந்தத் தீர்ப்பை நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60 வரையறுக்கிறது: முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. 46,000 முழுவதும் கணக்குக்கு உட்படுகிறது என்று வைத்தால் 45,000இல் மூன்றில் ஒன்று, மாதம் 15,000 போகும். ஒரே தீர்ப்புக்காக 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. 24 × 15,000 = 3,60,000. மீதிக்கு வேறு சொத்து இருந்தால் அதைத் தேடுவார்கள். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, ஓய்வூதியம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஓய்வுக்காலப் பணம் வங்கிக் கணக்கில் விழுந்து சேமிப்போடு கலந்த பிறகு அந்தப் பாதுகாப்பைக் காட்டி வாதாடுவது கடினம்.

மகள் படிக்கிறாள் என்றீர்கள். ஜாமீன் போட்டவர் இறந்தாலும் ஏற்கெனவே ஏற்ற பொறுப்பு தீர்ந்துவிடாது. அவர் விட்டுச்செல்லும் சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பதில் சொல்ல வேண்டும். வங்கிக் கடனுக்கு ஜாமீன் என்றால் அது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும். நாளை வீட்டுக்கடன் கேட்டுப் போனால் அதையும் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று, எந்த நிலையிலும் செய்யக் கூடாதது: வெற்றுப் புரோநோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து. முத்திரை ஒட்டி நிரப்பாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தால், நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்ததாகச் சட்டம் கொள்கிறது. காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138 வழக்கு. 2 வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனாகக் கொடுத்த காசோலைக்கும் இது பொருந்தும்.

---

சேகரக்கமிட்டி_பார்வை பதில்:

கணக்கும் வசனமும் தெளிவாகிவிட்டது. முடிவு எடுத்த பிறகு அதை அந்த அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் சபையில் உறவு முறிகிறது. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று இழுக்க வேண்டாம். ஜெபிக்கப் போகிறீர்கள் என்றால் நாள் குறித்துச் சொல்லுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பதில் சொல்கிறேன்." அந்த ஞாயிறு சொல்லிவிடுங்கள். மறுப்பை மறைக்க ஜெபத்தைத் திரையாகப் பிடிப்பது கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்குவதற்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன். அதுவும் போக, ஏலம் எடுத்தவர் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பார். சீக்கிரம் சொன்னால் வேறு வழி பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கும்.

"வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார்" என்று அவர் தலையில் பழியைப் போடவும் வேண்டாம். மத்தேயு 5:37 உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொல்கிறது. கணவரிடம் கலந்து பேசி ஒரே பதிலாகச் சொல்லுங்கள். "அண்ணே, நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். நாலு லட்சத்துக்கு மேல கட்ட வேண்டி வந்தா எங்களால முடியாது. முடியாததை முடியும்னு கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல. உங்க மேல சந்தேகம் இல்ல. எங்ககிட்ட இருக்குறதுல உதவுறோம்." இவ்வளவு போதும். நீதிமொழிகள் 17:18ஐ எடுத்து அவருக்குப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

கடைசி வரியைச் சொன்னால் அதைச் செய்தும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் யாக்கோபு 2:16இல் வருகிற, "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லி வெறுங்கையாய் அனுப்புகிறவர் ஆகிவிடுவோம். 10,000 முடியுமா, 20,000 முடியுமா, திரும்பி வராவிட்டாலும் மனம் கசக்காத தொகை எது என்று கணவனும் மனைவியும் முடிவு செய்து, அதைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததை வீட்டுக் கணக்கில் வரவேண்டிய பாக்கியாக எழுதாதீர்கள். 2 கொரிந்தியர் 8:12 இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்கிறது. அடுத்த வசனம் இன்னும் நேராகச் சொல்கிறது: மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படி அல்ல. எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் திரட்டும்போதே பவுல் இப்படி எழுதினார் என்றால், கடை விரிவாக்கத்துக்கு அதைவிடக் கடினமான சட்டம் ஏன்?

அவருக்கு வேறு வழியும் உண்டு. சொந்த நகையையோ வைப்புத்தொகையையோ ஈடாகக் காட்டினால் ஆள் ஜாமீன் தேவையா என்று நிறுவனத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். சீட்டை விட்டு நேராக வியாபாரக் கடனே பார்க்கலாம் என்றால், முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை ஈடில்லாமல் வங்கிகள் கொடுக்கின்றன. கிறிஸ்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) கூட்டுறவு வங்கிகள் வழியாகக் கடன் தருகிறது.

இதே ஜாமீன் கேள்வி மருத்துவத்துக்கோ படிப்புக்கோ வந்தால் மனம் இன்னும் இளகும். அப்போதும் முதலில் வழியைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. கல்விக்கடனில் 4 லட்சம் வரை பெற்றோர் இணைக் கடன்தாரராக இருந்தால் போதும். ஈடும் வெளியாள் ஜாமீனும் கேட்கக் கூடாது. சபையில் ஜாமீன் தேடி அலைகிற பலருக்கு இது தெரியாது. தெரிந்த ஒருவர் கூடப் போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால், அந்த ஒரு பகல் கையெழுத்தைவிடப் பெரிய உதவி.

---

பிலேமோன்_18 பதில்:

இந்த அண்ணன் காரியத்தில் மறுப்பதே சரி என்று எனக்கும் படுகிறது. ஆனால் கிறிஸ்தவர் ஜாமீனே போடக் கூடாது என்று இந்த இழையைப் படிக்கிறவர் முடிவு செய்துவிடக் கூடாது. பவுல் போட்டார். பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில், அவருடைய அடிமை ஒநேசிமு கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று எழுதி, தன் கையாலேயே எழுதினேன், நான் செலுத்தித்தீர்ப்பேன் என்றும் உறுதி சொன்னார். யூதா தன் தம்பி பென்யமீனுக்காகத் தகப்பன் யாக்கோபிடம் உத்தரவாதம் பண்ணினான். எபிரெயர் 7:22 இயேசுவைப் பிணையாளி என்றே அழைக்கிறது.

ஆனால் இந்த மூன்றையும் "அவர்களே போட்டார்களே" என்று வாதத்துக்கு இழுக்கும் முன் எப்படிப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். பவுல் ஏற்றது நடந்து முடிந்த கடன். இனிமேல் ஒநேசிமு வாங்கப் போகும் கடனுக்கு அவர் பொறுப்பேற்கவில்லை. ஏற்ற அன்றே அதைத் தன் கடனாகவே எண்ணினார், ஒநேசிமு கட்டிவிடுவான் என்ற நம்பிக்கையில் எழுதவில்லை. கர்த்தர் பிணையாளியானபோது முழுக் கிரயத்தையும் செலுத்த அவரால் முடிந்தது, செலுத்தியும் விட்டார். அந்த வசனத்தைக் காட்டி, செலுத்த முடியாத ஒருவரைக் கையெழுத்துப் போடச் சொல்வது வசனத்துக்குச் செய்கிற அநியாயம்.

யூதாவின் காரியம்தான் பெற்றோருக்கு மிகவும் நெருங்கியது. ஆதியாகமம் 42:37இல் ரூபனும் பொறுப்பேற்க வந்தான். பென்யமீனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு குமாரரையும் கொன்றுபோடும் என்றான். யாக்கோபு ஒத்துக்கொள்ளவில்லை. 43:9இல் யூதா தன்னையே வைத்தான். 44:33இல் அந்தச் சொல்லுக்கு வேளை வந்தபோது இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னே போய் நின்றான். ரூபன் ஈடாக வைத்தது பிள்ளைகளை. ஜாமீன் கேட்டு யாராவது வந்தால் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரியம் தவறினால் விலை கொடுக்கப் போவது நானா, என் பிள்ளையின் கல்விக் கட்டணமா? பிள்ளை என்றால் நான் ரூபனைப் போலக் கையெழுத்துப் போடுகிறேன். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 எவ்வளவு கடுமையாகச் சொல்கிறது என்று தெரியும்.

ஆகவே ஜாமீன் போடலாம் என்கிற எல்லை குறுகியது. முழுத் தொகையும் இன்றே என்னிடம் இருக்க வேண்டும், போனால் தானமாகவே எண்ணிக்கொள்வேன் என்று கணவனும் மனைவியும் சொல்ல வேண்டும், தொகைக்கு உச்சவரம்பு எழுத்தில் இருக்க வேண்டும். கடன்தாரர் பேரில் அந்தத் தொகைக்கு டேர்ம் காப்பீடு (இறந்தால் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்தால் இன்னும் நல்லது. உடன்பிறந்தவருக்கு, விதவையான சகோதரிக்கு இப்படிச் செய்ய வேண்டி வரும்போது செய்யுங்கள். அதில் நீதிமொழிகள் 22:27இன் எச்சரிக்கை மீறப்படவில்லை. செலுத்த ஒன்றுமில்லாதவனைத்தான் அது எச்சரிக்கிறது.

---

டீச்சர்_தூத்துக்குடி பதில்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுகிறேன். ரூபன், யூதா விஷயம் மனதைத் தொட்டது.

இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். உறவினர் ஒருவரின் வியாபாரத்துக்கு வங்கியில் கேஷ் கிரெடிட் கணக்கு. அதற்கு ஏற்கெனவே நான் ஜாமீன். அவரும் விசுவாசிதான். கணக்கு இதுவரை ஒழுங்காக நடக்கிறது. அதிலிருந்து வெளியே வர முடியுமா? "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்ற சங்கீதம் 15:4ஐ நினைத்தால், வெளியே வர நினைப்பதே தவறோ என்றும் இருக்கிறது. ஒருவேளை நானே கட்ட நேர்ந்தால் விசுவாசி மேல் வழக்குப் போடலாமா?

---

கடன்பிரிவு_ஓய்வு பதில்:

ஒழுங்காக நடக்கும்போதுதான் வெளியே வர முடியும், அம்மா. இப்போதே செய்யுங்கள்.

கேஷ் கிரெடிட் என்பது எடுத்து, கட்டி, மறுபடி எடுக்கிற கணக்கு. அதற்குக் கொடுத்த ஜாமீன் தொடர் ஜாமீன். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 130இன்படி வங்கிக்கு அறிவிப்புக் கொடுத்து, இனி நடக்கப்போகும் பற்றுக்கான பொறுப்பை நிறுத்தலாம். அறிவிப்பு சேரும் நாள் வரை எடுத்த தொகைக்கு நீங்கள் பொறுப்புதான், அது போகாது. மொத்தமாக ஒரே தடவையில் எடுத்த தவணைக் கடனாக இருந்தால் இந்த வழி கிடையாது. சீட்டுப் பணம் வழங்கிய பிறகும் கிடையாது.

கிளைக்குப் போய் வாயால் சொல்வது கணக்கில் வராது. முதலில் நீங்கள் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரத்தின் நகலையும் கடன் அனுமதிக் கடிதத்தின் நகலையும் வாங்குங்கள். பத்திரத்தில் அறிவிப்புக்காலம் ஏதாவது போட்டிருக்கிறதா, 133, 134, 135, 141ஆம் பிரிவுகளின் உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக வரி இருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்ட பத்திரங்களில் அந்த வரி பெரும்பாலும் இருக்கும். அது இருந்தால், உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினார்கள் என்று பிற்பாடு வாதாட முடியாது.

பிறகு உறவினரிடம் பேசி மாற்று ஜாமீனையோ கூடுதல் ஈட்டையோ கொடுக்கச் சொல்லுங்கள். வங்கிக்குப் போகும் கடிதத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: கணக்கு எண், ஜாமீன் பத்திரத் தேதி, இனி எந்தப் பற்றுக்கும் பொறுப்பில்லை என்ற அறிவிப்பு, அன்றைய பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் தரும்படி கோரிக்கை. சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், இன்னொரு பிரதியில் கிளை முத்திரை வாங்கி வையுங்கள். பழைய பற்றை அந்தத் தேதியோடு நிறுத்தி, பிறகு நடப்பதைத் தனிக் கணக்கில் நடத்தும்படியும் கேளுங்கள். மாற்று ஜாமீனை வங்கி ஏற்றுக்கொண்டால், உங்களை விடுவித்ததாக வங்கியின் கடிதம் கைக்கு வர வேண்டும். புது ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டார், அதனால் நான் விடுபட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் பிற்பாடு நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

நீங்களே கட்ட நேர்ந்தால் உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். ரொக்கமாக உறவினர் கையில் கொடுத்துக் கட்டச் சொல்ல வேண்டாம். கட்டிய தொகையைக் கடன்தாரரிடம் திரும்பப் பெற பிரிவு 145 உரிமை தருகிறது. பிரிவு 141இன் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இருந்து, கடன் முழுவதையும் தீர்த்திருந்தால், வங்கியிடம் இருந்த அவருடைய ஈடுகளின் மேலும் உரிமை வரும். வழக்குக்குக் காலவரம்பு நீங்கள் கட்டிய தேதியிலிருந்து 3 வருடம்.

---

வேதபாடக்_குறிப்பு பதில்:

சங்கீதம் 15:4 உங்களைக் கட்டிப்போடவில்லை, சிஸ்டர். சொன்ன சொல்லை ஏமாற்றி மீறாதே என்கிறது அது. நீதிமொழிகள் 6:3-5 பிணைப்பட்டவரிடமே பேசி, "நீ உன்னைத் தப்புவித்துக்கொள்ள ஒன்று செய்" என்கிறது. எப்படி? ஓடி ஒளியச் சொல்லவில்லை. போய், தாழ்த்தி, வருந்திக் கேட்கச் சொல்கிறது. அதுவும் தூங்குவதற்கு முன். ஒப்பந்தத்துக்கு உள்ளேயே, சம்பந்தப்பட்டவர் சம்மதத்தோடு விடுதலை தேடுவது அது. அறிவிப்புக் கொடுப்பதும் மாற்று ஜாமீன் கேட்பதும் அதற்குள் அடங்கும். அறிவிப்புத் தேதி வரை உள்ள பாக்கி உங்கள் தலையில் விழுந்தால் அதைக் கட்டுவது 15:4.

ஒரு சின்ன ஒழுங்கு மட்டும். வங்கிக்குக் கடிதம் போகும் முன் உறவினர் வீட்டுக்குப் போங்கள். தபாலில் வந்த பிறகு அவர் தெரிந்துகொண்டால், நீதிமொழிகள் 6:3இன் "போய் உன்னைத் தாழ்த்தி" என்பது விடுபட்டுப்போகும்.

வழக்கைப் பற்றி: 1 கொரிந்தியர் 6:1-7 விசுவாசிகள் இருவரின் பணத் தகராறை அவிசுவாசிகள் முன் கொண்டுபோவதைக் கண்டிக்கிறது. "சகோதரருக்குள்ள வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா?" என்பது 5ஆம் வசனத்தின் கேள்வி. அதை அப்படியே செய்யலாம். மத்தேயு 18:15-17இன் வரிசைப்படி முதலில் நீங்கள் தனியாகப் போய், ரசீதுகளைக் காட்டி, மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று கேளுங்கள். நடக்காவிட்டால் இருவருக்கும் மரியாதை உள்ள ஒன்றிரண்டு பேரோடு. அதன்பிறகு குருவானவரும் கமிட்டியும். ஒப்புக்கொண்ட தவணையை எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு, சாட்சியோடு வையுங்கள். எழுதினால் நம்பிக்கை குறைவு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எரேமியா 32:10இல் எரேமியா தன் சொந்தத் தகப்பனுடைய சகோதரன் மகனிடம் நிலம் வாங்கினபோதே பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சி வைத்து, பணத்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்.

சபையின் முன் போயும் அவர் மறுத்தால் என்ன என்பதில் வேதம் நேசிக்கிறவர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். 1 கொரிந்தியர் 6:7 நஷ்டத்தை ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்பதால் விட்டுவிட வேண்டும் என்பார்கள் சிலர். சபைக்குச் செவிகொடாதவனை அஞ்ஞானியைப் போலவும் ஆயக்காரனைப் போலவும் எண்ணச் சொல்லும் மத்தேயு 18:17க்குப் பிறகு நீதிமன்றம் போகலாம் என்பார்கள் சிலர். எனக்குப் படுவது: நஷ்டம் உங்களோடு நின்றால் விடலாம். மகளின் படிப்பைத் தொடுமானால், கேட்பதற்கு 1 தீமோத்தேயு 5:8 உங்களுக்குக் கடமை வைக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் 3 வருடக் காலவரம்பை மறக்காமல், அது முடிய ஒரு வருடமாவது மிச்சமிருக்கும்போதே சபை மத்தியஸ்தத்தைத் தொடங்கிவிடுங்கள்.